சாமி காசுக்கும் கணக்கு உண்டுடே!

ஏ பேரப்பயலே, 'வழிபாட்டுத் தலங்கள் வழியே வட்டாரப் பொருளாதார மேம்பாடு'ன்னு பட்டணத்துல மூணு நாள் பயிற்சியாமே? கழுத்துல அட்டை, கையில ஃபைலு, மத்தியானம் பிரியாணி. நல்லா சாப்பிட்டியா? அதுதான் முக்கியம். வட்டம் வட்டமா, அம்புக்குறி வச்சுப் படம் போட்டுக் காட்டினாகளோ? இருக்கட்டும். இப்படித் திண்ணையில உக்காரு. நம்ம பாட்டன்மாரு அம்புக்குறி இல்லாமச் செஞ்ச கதையைச் சொல்லுதேன். காசு கேக்க மாட்டேன். வெத்தலை இருந்தா எடு.

தஞ்சாவூருப் பெரிய கோயிலு 1010-ல எழும்புச்சு. அண்ணாந்து பாத்து செல்ஃபி எடுத்துட்டு வந்திருப்பே. அடிச்சுவரைப் பாத்தியா? பூராவும் கணக்குடே! ஒரு விளக்கு எரியணுமா, 96 ஆடு. இடையருகிட்ட விட்டாக. தினம் ஒரு உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளக்கணும். ஆடு கிழடாகும், சாகும். கணக்குல மட்டும் 96 குறையப்படாது. குட்டியை வச்சுச் சரிக்கட்டிக்கோ, மிஞ்சினது உன் பாடு. சாமிக்கு விளக்கு எரிஞ்சுது. இடையன் வீட்டுல அடுப்பும் எரிஞ்சுது. இதுக்கு உங்க வகுப்புல என்ன பேரு? வேண்டாம், சொல்லாத. என் வாயில நுழையாது.

காசையும் பூட்டி வச்சுப் பூசை பண்ணல. ஊர்ச்சபைகளுக்குக் கடன் விட்டாக. ஒரு காசுக்கு வருசத்துக்கு அரைக்கால் காசு வட்டி. நூத்துக்குப் பன்னெண்டரை. சாமி வட்டி வாங்கலாமான்னு மூஞ்சியைச் சுளிக்காத. உன் செல்போனுக்குள்ள இருந்து கடன் கொடுக்கானே, அவன் என்ன வாங்குதான்னு முதல்ல பாரு.

அது ராசா காசு தாத்தாங்கியா? சரி, ராசா இல்லாத ஊருக்கு வா. விருதுநகரு. கோயிலுக்குள்ள வராதேன்னு நாடாக்கமாரை விரட்டின காலம். மூலையில உக்காந்து அழுதாகளா? உறவின்முறைன்னு கூடினாக. யாவாரத்துல மூட்டைக்கு இவ்வளவுன்னு மகமை வச்சாக. அதுல கோயிலு, கிணறு, வண்டி அவுத்துப்போடப் பேட்டை, அப்புறம் 1889-ல சத்திரிய வித்தியாசாலை. பொம்பளைக உலை வைக்கையில ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்துல போட்டாக. அந்தப் பிடியரிசி பள்ளிக்கூடத்துக்குப் போச்சு. காமராசரு படிச்சது அங்கதான். அவரு முதலமைச்சரானதும் ஊரூருக்குப் பள்ளிக்கூடமும் மத்தியானச் சோறும் வந்துச்சு. பிடி அரிசி எங்க போய் நின்னுச்சு பாத்தியா?

ஆனா ஒண்ணு. அது ஒரு சாதி கூடிச் சேத்த காசு. ஊருன்னா நம்ம தெரு மட்டுந்தானான்னு நீ கேக்கணும். கேளு. படிச்ச பய கேக்கவேண்டிய கேள்விதான்.

வேதக்கோயிலை, அதான் சர்ச்சைப் பாரு. நாகர்கோயில்ல 1820-கள்ல மிசனரி வீட்டு மால்ட் துரைசானி பொண்ணுகளுக்கு லேசு பின்னக் கத்துக் கொடுத்தாக. அடிமையாக் கிடந்த பொண்ணுக சிலது, பின்னின கூலியிலயே தங்களை மீட்டுக்கிட்டுது. இன்னைக்கும் அறுப்புப் பண்டிகை ஏலத்துல பூசணிக்காய் என்ன விலைக்குப் போவுது தெரியுமா? சந்தையில எட்டணாவுக்கு மல்லுக்கட்டுத மனுசன் அங்க வாயத் தொறக்க மாட்டான், கையைத் தூக்குவான். பள்ளிவாசல் பொது நிதியான பைத்துல்மால்ல வட்டியில்லாக் கடன் வாங்கிக் கடை போட்டவுகளும் இருக்காக.

சாமி வேற வேற, சங்கதி ஒண்ணுதான். கொடுத்தவனும் வாங்கினவனும் ஒரே வாசல்ல செருப்பைக் கழத்துதான். ஏமாத்திட்டு எங்கலே போவான்?

இப்ப நீங்க பண்ணுத கூத்துக்கு வருவோம். அம்மன் கோயில் கொடைக்கு வீடு வீடா வரி பிரிக்கீக. அதுல பாதி ஃபிளெக்ஸு. கால்வாசி வாணவெடி. மிச்சம் பாட்டுக் கச்சேரி. ஃபிளெக்ஸுல அம்மன் ஒரு மூலையில ஒதுங்கி நிக்கா, நடுவுல கூலிங்கிளாசோட நீ நிக்க. கொடை யாருக்குலே? கோயில் கிணத்தைத் தூர் வாரக் கேட்டா நிதி இல்லையாம்! வெடி வாங்கினா சிவகாசிக்காரன் பொழைப்பான்லா தாத்தான்னு மடக்குத. பொழைக்கட்டும். கிணத்தைத் தூர் வாரிட்டு வாங்கு. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொன்னவன் கிறுக்கனா?

நான் சொல்லுதது சின்ன விசயம். கொடை முடிஞ்ச மறுவாரம் ஊரைக் கூட்டு. வரவு செலவைச் சத்தமா வாசி. மிச்சத்துல நாலு ஆடு பிடிச்சு, ஒத்தையில பிள்ளை வளக்குத பொம்பளைக்குக் கொடு. எந்தத் தெருன்னு பாக்காத. குட்டி போட்டா ரெண்டைத் திருப்பட்டும், அது அடுத்த வீட்டுக்குப் போகட்டும்.

என்ன, ரசீதுப் புஸ்தகத்தோட வந்திருக்க? இந்த வருச வரியா? கொடுக்கேன், ஓடியா போவேன்? போன வருசக் கணக்கை முதல்ல வாசி. அதைக் கேட்ட பெறகுதான் என் மடி அவுறும்.