பேக்ஸ்பேஸ் தொடாத மாப்பிள்ளை

மவுஸைக் கண்டாலே எங்கள் மாப்பிள்ளைக்கு ஆகாது. கொரோனா சமயத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பெங்களூரிலிருந்து திருவண்ணாமலை வந்தவர், இன்னும் எங்கள் மாடி அறையிலிருந்துதான் கம்பெனி வேலை பார்க்கிறார். டெர்மினலின் கருப்புத் திரை, பொடி எழுத்து, பக்கத்தில் ஆறிப்போன காபி.

“கண்ட்ரோல் ஆர் அடிச்சு ரெண்டு எழுத்து போடுங்க மாமா, போன வாரம் அடிச்ச கமாண்டு தானா வந்து நிக்கும்” என்பார். கண்ட்ரோல் ஏ வரியின் தலைக்கு, கண்ட்ரோல் ஈ வாலுக்கு. சரி, நல்ல விஷயம்தான்.

ஆனால் அந்த பேக்ஸ்பேஸ் விஷயம் இருக்கிறதே! ஒவ்வொரு எழுத்தாக அழிப்பவனைக் கண்டால் இவருக்குப் பொறுக்காது. அழிப்பதென்றால் கண்ட்ரோல் டபிள்யூ; ஒரே தட்டில் முழு வார்த்தையும் காலி. அது போதாதென்றால் கண்ட்ரோல் யூ. கர்சருக்கு முன்னால் இருப்பது மொத்தமும் காலி. இவருடைய கீபோர்டில் இடது ஓரத்துக் கண்ட்ரோல் கீயின் எழுத்தே தேய்ந்துவிட்டது. பேக்ஸ்பேஸ் மட்டும் கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது.

இதே ஆள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி செருப்பில்லாமல் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடப்பார். எட்டு லிங்கத்திலும் நின்று கும்பிட்டு, இடுக்குப் பிள்ளையாரில் தொப்பையை உள்ளிழுத்து நுழைந்து வருவார். “பாதியில ஆட்டோ பிடிக்கலாமே மாப்ள?” என்றால், “மலை சுத்தறதுல என்ன மாமா ஷார்ட்கட்?” என்று முறைப்பார். அப்போது மட்டும் இவரைக் கொஞ்சம் பிடிக்கும்.

போன மாதம் என் மகளுடைய காலேஜ் விண்ணப்பம். பிரவுசரில் முக்கால் மணி நேரமாக நிரப்பி, கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டோம். ஊர்ப் பெயரில் ‘டி’க்குப் பிறகு ஒரு ‘எச்’ சேர்த்துவிட்டார். “சர்டிபிகேட்ல எச் கிடையாது மாப்ள” என்றேன். அழிக்க வேண்டியது ஒரே ஒரு எழுத்து. சுண்டுவிரல் பழக்க தோஷத்தில் கண்ட்ரோலுக்குப் போய்விட்டது, கண்ட்ரோல் டபிள்யூ. டெர்மினலில் அது வார்த்தையை அழிக்கும். பிரவுசரில் டேபையே மூடிவிடும்.

மனுஷன் அசரவில்லை. “கண்ட்ரோல் ஷிப்ட் டி போட்டா மூடின டேப் திரும்ப வந்துடும் மாமா.”

வந்தது, லாகின் பக்கம்.

கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டு பெயரிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். எங்கேயோ தப்பு விழுந்தது. பேக்ஸ்பேஸைத் தட்டினேன், டொக், டொக், டொக். பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு.

“எவ்ளோ நேரம் வேஸ்ட் பண்றீங்க மாமா.”