பாடாமலே ஜெயித்த பாணபத்திரர்

மதுரையில் சொக்கநாதரிடம் வாலாட்டியவர்களில் அடிபடாமல் ஊர் திரும்பிய புண்ணியவான் ஏமநாதர். நக்கீரர் வெந்துபோய்ப் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார். அரிமர்த்தன பாண்டியன் மண் சுமக்கும் கூலிக்காரனாக வந்த சொக்கநாதரை அடிக்கப்போய்த் தன் முதுகிலேயே வாங்கிக்கொண்டான். ஏமநாதருக்குப் போனது ஒரு ராத்திரித் தூக்கம்தான்.

வடக்கேயிருந்து வந்த வித்வான். யாழைத் தொட்டதும் வரகுண பாண்டியன் சொக்கிப்போய், பொன்னும் பட்டும் கொடுத்து, தங்க வீடும் ஒதுக்கினான். அதோடு நின்றிருக்கலாம். தலைக்கனம் விடவில்லை, என்னோடு பாட இங்கே ஆளுண்டா என்கிற தோரணை. ராஜா கோயில் பாணர் பத்திரரைக் கூப்பிட்டு, "நாளைக்கு நீ பாடு" என்றான். பத்திரர் தலையாட்டிவிட்டு வெளியே வந்தால், தெருவுக்குத் தெரு ஏமநாதரின் சிஷ்யப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். சிஷ்யனே இப்படியென்றால் குரு? நேரே சந்நிதிக்கு ஓடி விழுந்தார். சாதகம் பண்ணவில்லை. அழுதார்.

சொக்கநாதர் கிழட்டு விறகுக்காரராகக் கிளம்பினார். கந்தல் வேட்டி, தேய்ந்த செருப்பு, பழைய யாழ், தலையில் விறகுக்கட்டு. விற்கிற உத்தேசமே கிடையாது. யாரும் வாங்கிவிடாதபடி விலையை ஏற்றிச் சொல்லியே பொழுதை ஓட்டினார். இருட்டியதும் ஏமநாதர் வீட்டுத் திண்ணையில் கட்டை இறக்கிவிட்டு மெல்ல இழுத்தார் ஒரு ராகம்.

உள்ளேயிருந்து ஏமநாதர் ஓடிவந்தார். "யாரப்பா நீ?"

"பாணபத்திரர்கிட்டே பாட்டுப் படிக்க வந்தவன் சாமி. வயசாயிருச்சு, உனக்குப் பாட்டு வராதுன்னு துரத்திட்டாரு. இப்போ விறகு விக்கிறேன்."

"இன்னொரு தரம் பாடு."

பாடினார், சாதாரிப் பண்ணில். கழித்துப்போட்ட சரக்கே இந்தத் தரமா என்று ஏமநாதருக்கு வியர்த்துவிட்டது. ராவோடு ராவாகக் கம்பி நீட்டினார்.

காலையில் போட்டியே நடக்கவில்லை. பரிசளிப்பு மட்டும் நடந்தது. ஒரு வரி பாடாத பத்திரரை யானைமேல் ஏற்றினார்கள். போதாதென்று திருவிளையாடல் புராணத்தின் அடுத்த படலத்தில், இவருக்குப் பொருள் கொடு என்று சேர மன்னர் சேரமான் பெருமாளுக்குச் சாமியே சிபாரிசுக் கடிதம் எழுதினார். சைவத்தின் பதினோராம் திருமுறை அந்தக் கடிதத்தோடுதான் தொடங்குகிறது. இவ்வளவு பெரிய இடத்துச் சிபாரிசு தமிழில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

1965-ல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'திருவிளையாடல்' படத்தில் டி.எஸ். பாலையா ஏமநாதராக வந்தார். அவருக்குப் பாடியவர் பாலமுரளி கிருஷ்ணா. தோற்கிறவனுக்கு இப்படியொரு குரலா என்று அன்றே யாராவது கேட்டிருக்க வேண்டும்.

ஆள்மாறாட்டம் செய்தவர் சாமி என்பதால் கேஸ் நிற்காது. ஆனால் ஒன்று: திண்ணையில் உட்கார்ந்த ஒரு கந்தல்காரன் பாட்டைக் கேட்டு, 'இவன் என்னைவிட மேல்' என்று ஒத்துக்கொள்ள எத்தனை வித்வானுக்கு மனசு வரும்? ஆவணி மூலத் திருவிழாவில் விறகு விற்ற லீலை வருஷா வருஷம் நடக்கிறது. அடுத்த தடவை ஏமநாதருக்கும் ஒரு மாலை போடுங்கள் ஐயா.