நூறு முறை எழுதினால் வருமா?

கேள்வி: மதுரையில் சுங்குடிச் சேலை விற்கிறேன். கூகுள் தேடலில் என் இணையதளம் முன்னே வர, ‘சுங்குடிச் சேலை’ என்ற பெயரைப் பக்கத்தில் நூறு முறை எழுதலாமா?

பதில்: வேண்டாம், ஐயா, நாமஜபத்துக்கு இரங்கும் தெய்வமல்ல கூகுள். பக்கத்துள் மறைவாக இடும் குறிச்சொற்களைத் தரவரிசைக்குக் கருதுவதே இல்லையென்று 2009-இலேயே அது பகிரங்கமாக அறிவித்துவிட்டது. பிறர் தம் பக்கங்களிலிருந்து தரும் இணைப்பைச் சாட்சியமாக மதிக்கும் தத்துவத்தையோ அதன் ஸ்தாபகர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இலேயே வகுத்தார்கள். ஆகையால், பிறர் தாமாகவே இணைப்புத் தரத் தகுந்தபடி, முடிச்சு எவ்வாறு இடப்படுகிறது, சாயம் போகுமா, முதற்சலவை எப்படி, விலை என்ன என்று வாடிக்கையாளர் தங்களிடம் வாய்விட்டுக் கேட்பவற்றுக்கெல்லாம் விஸ்தாரமாகப் பதில் எழுதி, ஒவ்வொரு பக்கத்துக்கும் விஷயத்தைச் சொல்லும் தலைப்பிட்டு, கூகுள் வரைபடத்தில் கடையின் விலாசத்தையும் திறக்கும் நேரத்தையும் பதிந்துவிடுங்கள். அதற்குக் கட்டணமும் கிடையாது.