கேமராவுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுதுங்க மாப்ள

வாங்க மாப்ள, உக்காருங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, மறுபடியும் தோப்புல தேங்கா போயிருச்சாட்ட இருக்குது. கேமராவுல திருடன் விழுந்திருக்கானுங்களா? விழுந்திருக்கான், ஆனா அது ஆளா, காட்டுப்பன்னியா, உங்க சித்தப்பனான்னு வெளங்கலையா? அப்ப சித்தப்பனையும் சேத்தே சந்தேகப்பட்டு வெச்சுக்குங்க. அதுக்கொண்ணும் செலவில்ல.

அஞ்சு மெகாபிக்சலு, இருட்டுல எறும்பு போனாக்கூடத் தெரியும்னு ஒறம்பரை வீட்டுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னீங்க. கேமரா வாங்கையில பேரமே பேசல. கேபிளு வாங்கப் போனப்பத்தான் குடும்பப் பொறுப்பு வந்துச்சு உங்களுக்கு. "ஒயருல என்னங்க மாமா இருக்குது, எல்லாம் ஒண்ணுதானே"ன்னு கேட்டீங்க. யாரைப் பாத்து? மோட்டாருக்குக் காயில் கட்டிக் கட்டிக் கை காச்சுப்போன என்னையப் பாத்து. வாயில வெத்தலை இருந்ததுனால நீங்க தப்பிச்சீங்க.

இப்பக் கேமராவ மாத்தப் போறீங்களாமா. மாத்துங்க, கடைக்காரரும் புள்ளகுட்டிக்காரரு. அதுக்கு முன்னால தோப்புக் கேட்டுல இருக்கறதக் கழட்டிக் கொண்டாந்து, வீட்டுல படம் பதியற டிவிஆர் பக்கத்துலயே ஒரு முழம் ஒயருல மாட்டிப் பாருங்க. படம் பளிச்சுன்னு வந்துச்சுன்னா கேமரா மேல குத்தமில்ல. நடுவுல கெடக்கறதுதான் கள்ளன்.

பகல்ல நல்லாத் தெரியுது, பொழுது எறங்குனா மங்குது, அப்பறம் அணைஞ்சு அணைஞ்சு வருதுங்கறீங்க. பூசாரியக் கூப்பிட்டுத் தாயத்துக் கட்டோணும்னு எங்கக்கா சொல்லுதாமா. கட்டுனா பூசாரிக்கு நல்லது. சங்கதி என்னன்னா, இருட்டுனதும் கேமராவுக்குள்ள இருக்கற ஐஆர் லைட்டு எரியும், கேமரா எச்சாக் கரண்ட்டு இழுக்கும். வீட்டுல இருந்து 12 வோல்ட்டு கெளம்புறது நெசந்தான். பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) வாய்க்காத் தண்ணி கதைதானுங்க: மடை தொறக்கையில நொரை தள்ளிட்டு வரும், கடைமடைக்கு வர்றது காலு நனையற அளவு. அரை சதுர மில்லிமீட்டர் ஒயரு சுத்தச் செம்பா இருந்தாலுமே, 100 மீட்டருக்குப் போக வர ஏழு ஓம் ரெசிஸ்டன்ஸ். கேமரா 0.4 ஆம்பியர் இழுத்தா கிட்டத்தட்ட 3 வோல்ட்டு வழியிலயே போச்சு. நூறு மீட்டருக்கே மிச்சம் 9 வோல்ட்டுதான், உங்க கேட்டு அதுக்கும் மேல தூரம். அதுல கேமரா ஐஆரை எரிக்குமா, உங்களுக்குப் படத்தக் காட்டுமா?

எலக்ட்ரீசியன் தம்பி மீட்டர் வெச்சுப் பாத்து 12 வோல்ட்டு சரியா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போனானா? போவான். மத்தியானம் வந்து, கேமராவுல இருந்து ஒயரக் கழட்டிக் கையில புடிச்சுட்டுப் பாத்திருப்பான். இழுக்கறதுக்கு ஆளில்லாதப்ப எந்த ஓட்டை ஒயரும் 12தான் காட்டும். ராத்திரி, ஐஆர் எரியறப்ப, கேமராவுல மாட்டி இருக்கையிலயே, கேமராக் கம்பத்துக்கிட்டப் போயி மீட்டரு வெக்கோணும். அப்பப் பாருங்க அது பாடற பாட்ட.

அந்த மிச்சத் துண்டு ஒயரை இப்படிக் குடுங்க. இந்தப் பேனாக்கத்தியில சொரண்டறேன், நல்லாப் பாருங்க. மேல செகப்பு, உள்ள வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புச் சட்டை போட்டு வித்திருக்காங்க. நான் போட்ட கணக்கு செம்புக்கு. இதுக்கு ரெசிஸ்டன்ஸு அதுல ஒண்ணரை மடங்கு வரும்.

மோட்டார் ரூம்ல இலவசக் கரண்ட்டு இருக்குதே, அங்கயே அடாப்டர மாட்டிடலாமான்னு பாக்கறீங்கல்ல? கண்ணு போற எடமே சொல்லுது. அது தண்ணி பாச்சறதுக்குக் குடுத்ததுங்க. அத விட்டுப்போட்டு, வீட்டுல இருந்து 24 வோல்ட்டா அனுப்பிச்சு, கம்பத்துல ஒரு சின்ன கன்வெர்ட்டர் வெச்சு 12 ஆக்குங்க. வோல்ட்டு எச்சா இருந்தா இழுக்கற ஆம்பியர் கொறையும், வழியில வீணாறதும் கொறையும்.

அப்பறம், திருடன் திரையில ரெண்டாத் தெரியறான், கூட்டாளியோட வந்திருக்கான்னு போலீசுக்கு எழுதிக் குடுத்தீங்களாமே! 90 மீட்டர் சுருள் ரெண்ட வாங்கி, நடுவுல கொச்சக்கயிறு முறுக்கற மாதிரி முறுக்கி டேப்பு சுத்துனது யாரு? படம் போற கோஆக்சியல் ஒயரு 75 ஓம் இம்பிடென்ஸுக்குன்னே செஞ்சது. முறுக்குன எடத்துல அந்தக் கணக்குக் கெட்டு, சிக்னல்ல கொஞ்சம் முட்டித் திரும்பும். அதுதான் நெழலாட்டம் ரெண்டாவது ஆளு. பிஎன்சி கனெக்டர் போட்டு, தண்ணி எறங்காத பொட்டிக்குள்ள வெச்சு இணைங்க. பழைய டேப்பப் பிரிச்சா உள்ள பச்சையாப் பூத்திருக்கும். அதையும் கேமராக் கம்பெனிக்குப் போட்டோ புடிச்சு அனுப்பிராதீங்க.

படத்துல பட்டை பட்டையா மேல ஏறுதுன்னா அது எர்த்து சமாச்சாரம். கேமரா இரும்புக் கம்பத்துல, டிவிஆரு வீட்டு எர்த்துல. ரெண்டு மண்ணுக்கும் வோல்ட்டு ஒண்ணா இருக்காது, அந்த வித்தியாசம் கேபிளோட சல்லடைச் சட்டை வழியா ஓடும். கேமராவுக்கும் கம்பத்துக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் தகடு கொடுத்து முடுக்குங்க. அதுக்கும் அடங்கலைன்னா கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு கடையில கேளுங்க. மோட்டார் போட்டா மட்டும் கோடு வருதா? பைப்பு மிச்சம்னு மோட்டார் ஒயரும் கேமரா ஒயரும் ஒரே பைப்புல சொருகுனீங்கல்ல, தனியாப் பிரிச்சு ஒரு அடியாவது தள்ளிப் போடுங்க.

ராத்திரியில வெள்ளையாப் பொகை மூடறது மட்டும் ஒயரு குத்தமில்ல. லென்சு முன்னால சிலந்தி கூடு கட்டியிருக்கும், ஐஆர் வெளிச்சம் அதுல பட்டுத் திரும்புது. தென்ன மாறுல ஒரு தட்டு.

இதெல்லாம் கேட்டுப்போட்டு, நெட்வொர்க் ஒயரு இழுத்து ஐபி கேமராவே போட்டர்றேன்னு கெளம்புவீங்க, தெரியும். அதுக்கும் 100 மீட்டர்தான் எல்லை. உங்க கேட்டு கிட்டத்தட்ட அதுமாதிரி ரெண்டு மடங்கு தூரம். அந்தத் தூரத்துக்கு ஃபைபர் இழுத்து, ரெண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் வெக்கறதுதான் சரி. கேமராக் கம்பத்துல கரண்ட்டுக்கு மட்டும் தனியா வழி பாத்துக்கோணும், சோலார் பேனலும் பேட்டரியும் போதும். இரும்புக் கம்பி சேராத ஃபைபராக் கேட்டு வாங்குங்க. அது கண்ணாடி எழைங்க. தோப்புல இடி விழுந்தாலும் அது வழியா டிவிஆருக்கு வராது. செம்பு இல்லாததுனால அறுத்துட்டுப் போறவனுக்கும் பத்துப் பைசா கெடைக்காது.