விண்கலத் துணைப் பாத்திர இலக்கணம்

உணர்வுள்ள விண்கலம் என்பது, அறிவியல் புனைகதையில் ஆட்களை ஏற்றிச் செல்வதோடு நில்லாமல் அவர்களைப் பற்றி அபிப்பிராயமும் வைத்திருக்கும் ஊர்தி. நன்னூல் கணக்கில் அது அஃறிணை. மனத்தாங்கல் கொள்வதில் உயர்திணை. கதையைத் தானே நடத்துவது முதன்மைக் கலம்; கதை நடக்கும்போது கூடவே இருப்பது துணைக் கலம். இங்கே ஆராயப்படுவது பின்னது.

இரண்டையும் பிரித்தறியக் கதவுச் சோதனை உதவும். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) படத்தில் டிஸ்கவரி கலத்தை இயக்கும் ஹால் 9000, வெளியே நிற்கும் விண்வெளி வீரர் டேவ் போமனைத் தீர்த்துக்கட்டும் எண்ணத்தில் கதவைத் திறக்க மறுக்கிறது. டக்ளஸ் ஆடம்ஸின் 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி' (1979) நாவலில் ஹார்ட் ஆஃப் கோல்டு கலத்தின் கணினி எடியும் மறுக்கிறது. ஆனால், மரியாதைக் குறைவாகப் பேசியவர் யார் என்று ஒப்புக்கொண்டால் போதும் என்கிறது. கொல்வதற்காக மறுத்தால் முதன்மைக் கலம். கோபித்துக்கொண்டு மறுத்தால் துணைக் கலம்.

துணைக் கலங்கள் நான்கு வகைப்படும்.

1. பணிவிடைக் கலம். இதற்கும் எடியே சான்று. 1980இல் வந்த அடுத்த நாவலில் நாயகன் ஆர்தர் டென்ட் ஒரு நல்ல டீ கேட்கிறார். பானம் தரும் இயந்திரத்துக்கு இந்தியா, சீனா, இலங்கை என்று தொடங்கி, பாலை முதலில் ஊற்றும் முறை வரை விளக்குகிறார். இயந்திரம் எடியின் உதவியை நாட, எடியின் மொத்த மூளையும் டீயில் மூழ்கிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து வோகன்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகள் தாக்க வர, தப்பி ஓடக் கலத்துக்குக் கை ஒழியவில்லை.

2. கேட்கும் கலம். ஆடம்ஸின் முதல் நாவலில், நாயகர்களைச் சுட்டுக்கொண்டிருந்த இரு போலீஸ்காரர்கள் திடீரென்று செத்து விழுகிறார்கள். சலிப்பே உருவான மார்வின் என்ற ரோபோ, பிரபஞ்சம் பற்றிய தன் கருத்தை அவர்களுடைய கலத்திடம் விரிவாக எடுத்துச் சொல்ல, அது தற்கொலை செய்துகொண்டது. அவர்களின் உயிர்காப்புக் கருவிகளும் அதோடு நின்றன. இக்கலத்துக்கு ஒரு வசனம்கூட இல்லை.

3. ரசிகக் கலம். மார்த்தா வெல்ஸின் 'ஆர்டிஃபிஷியல் கண்டிஷன்' (2018) குறுநாவலில், கதைசொல்லியான மர்டர்பாட் என்ற பாதுகாப்பு ரோபோவோடு சேர்ந்து தொடர் பார்க்கிறது ஓர் ஆய்வுக் கலம். முக்கியப் பாத்திரம் இறந்ததும் தொடரை நிறுத்திவைக்க வேண்டியதாகிறது. கலமோ, ஏதோ சுய பரிசோதனை ஓடுவதாகப் பாசாங்கு செய்கிறது. 'நெட்வொர்க் எஃபெக்ட்' (2020) நாவலில் இதற்குப் பெரிய வேடமாகவே பதவி உயர்வு கிடைத்தது.

4. பெயரளவுக் கலம். இயன் எம். பேங்க்ஸின் 'கல்ச்சர்' நாவல்களில் கலங்கள் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொள்ளும். 'தி பிளேயர் ஆஃப் கேம்ஸ்' (1988) நாவலில் 'ஆஃப் கோர்ஸ் ஐ ஸ்டில் லவ் யூ' என்றொரு கலம் தலைகாட்டுகிறது. அதன் பெயரை ஸ்பேஸ்எக்ஸ் தன் ஆளில்லாத் தளக் கப்பலுக்கு வைத்தது; 2016 ஏப்ரலில் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் அடுக்கு அதன்மேல் வந்து இறங்கியது. கதையில் வேலையின்றி இருந்த பெயருக்குக் கடலில் நிரந்தர உத்தியோகம்.

இவற்றிலிருந்து பெறப்படும் விதி ஒன்றே: கலத்திடம் கேட்பது குறையக் குறைய, பயணம் நலமாக முடியும். அதனிடம் புலம்பக் கூடாது. தொடர் போட்டுக் காட்டலாம். டீயை மட்டும் வீட்டிலிருந்தே பிளாஸ்கில் கொண்டுபோவது உத்தமம்.