இரும்புக்கை மாயாவிக்குப் பொம்மை: ஓர் ஆய்வு

1. ஆய்வுக் களம்

இங்கே திருவண்ணாமலை என்றால் அண்ணாமலையார் ஊர் அன்று. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, குன்றின்மேல் ஸ்ரீனிவாசப் பெருமாள் நிற்கும் ஊர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அடிவாரத்தில் கடை விரியும்: ஊதல், பலூன், பிளாஸ்டிக் துப்பாக்கி. தேடினால் ஸ்பைடர்மேன்கூட அகப்படலாம். காமிக்ஸ் நாயகர் இரும்புக்கை மாயாவி அகப்படமாட்டார். அவர் பிறந்தது 1962இல், இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில். வளர்ந்ததோ பக்கத்துச் சிவகாசியில், 1972இல், முத்து காமிக்ஸின் முதல் இதழாக. வளர்த்த சீமையிலேயே பிள்ளைக்கு ஒரு பொம்மை இல்லை என்ற குறையே இவ்வாய்வுக்குக் காரணம்.

2. உருவச் சிக்கல்

ஆய்வுக்கூட விபத்தில் வலக்கை போய் இரும்புக்கை பெற்றவர் லூயிஸ் கிராண்டேல்; அவர்தான் நம் மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும்; கை மட்டும் தெரியும். ஆகவே, கடமையில் இருக்கும் மாயாவியைப் பொம்மையாக்கினால் மிஞ்சுவது ஒரு கை. இதில் சேகரிப்பாளர்கள் வடகலை தென்கலைக்குக் குறையாமல் பிரிந்து நிற்கிறார்கள்.

கைக்கலையார் வாதம்: முழு உருவில் நிற்பவர் மாயாவியே அல்லர், கோட்டு போட்ட வெள்ளைக்காரர். அதற்கு எதற்குக் காசு?

ஆட்கலையார் மறுப்பு: வெறும் கையைக் கொலுவில் வைத்தால், சுண்டல் வாங்க வந்த மாமி "மீதி எப்ப உடைஞ்சது?" என்று கேட்பாள்.

3. வண்ணச் சிக்கல்

அட்டையில்தான் வண்ணம், உள்ளே கறுப்பு வெள்ளை. கோட்டுக்கு எந்த நிறம் என்பதை வாசகர் மனசுக்குள் பூசிக்கொண்டார். இதில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் நிஞ்ஜா ஆமைகள் சாட்சி. 1984இல் கறுப்பு வெள்ளையில் வந்தபோது அட்டையில் நால்வருக்கும் ஒரே சிவப்பு முகமூடி. ஆயுதத்தைப் பார்த்துத்தான் ஆளை அறிய வேண்டும். 1988இல் கடைக்கு வந்த பொம்மைகளுக்கு ஆளுக்கொரு நிறம். அன்றோடு ஆயுதத்தைப் பார்க்கும் வேலை போயிற்று.

எனவே மாயாவி கறுப்பு வெள்ளையிலேயே இருக்கட்டும். நிழலுக்குச் சாம்பல் பூசக் கூடாது. ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் வழியில் மைக்கோடுகளாகவே இழுக்க வேண்டும். வெள்ளையும் பால் வெள்ளை ஆகாது. பின் துருவேறி, ஓரம் பொடிந்த பழைய இதழின் பழுப்பே சரியான வெள்ளை.

4. செய்முறை

கைக்கு எம்சீல், மேலே சில்வர் பெயிண்ட். மணிக்கட்டுக் கட்டுக்கு ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி. மருத்துவத் துணிக்குப் பேர்போன ஊர் அது. பெட்டிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா டப்பா. பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பதே சேகரிப்பாளர் தர்மம் என்பார்கள். பால்கோவா விஷயத்தில் அது நடக்கிற காரியமா?

5. தீர்ப்பு

இரு கலையாரும் கரண்ட்டை மறந்துவிட்டார்கள். மின்சாரம் இருந்தால்தானே மாயாவி மறைய முடியும்? எனவே கரண்ட் இருக்கும் நேரத்தில் அலமாரியில் கையை வைக்கவும். மின்வெட்டு வந்ததும் அதை எடுத்துவிட்டு முழு ஆளை வைக்கவும். இருட்டில் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று சோம்பி இருப்பவர் உண்மையான சேகரிப்பாளர் அல்லர். வாசகர்கள் இரண்டையும் சொந்தக் கையாலேயே செய்துகொள்ளலாம்; சோதனைக்காக அந்தக் கையை மட்டும் பிளக்கில் விட வேண்டாம்.