முடி கொட்டாத நாய்

முடியே இல்லாத நாயை வளர்ப்பதென்று முடிவு செய்துவிட்டால் முதலில் வாங்க வேண்டிய பொருள் ஷேவிங் மெஷின். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில், சான் ஹோசே நகரில் இருக்கும் என் மகள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இந்த வைபவம் நடக்கிறது. மாப்பிள்ளை நாயைப் பிடித்துக்கொள்வார், மகள் மழிப்பாள். சைனீஸ் கிரெஸ்டட் என்ற இந்தச் சிறு நாய்க்கு உடம்பில் முடி கிடையாது என்று புத்தகங்கள் சொல்கின்றன. நாய் அந்தப் புத்தகங்களைப் படிக்கவில்லை. முதுகிலும் விலாவிலும் பூனைமயிர் முளைத்தபடியே இருக்கிறது. நாய்க் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர்களும் முந்தின நாள் உட்கார்ந்து வழித்துவிட்டுத்தான் இதை இயற்கை வழுக்கை என்று மேடையேற்றுகிறார்களாம். காதோரம் மிச்சமிருக்கும் முடிக்கு சலூனில் முழுக்கூலி கொடுத்துவரும் எனக்கு இதில் பெரிய ஆச்சரியமில்லை.

நாயின் பெயர் ஆஸ்கர். காப்பகத்திலிருந்து வரும்போதே அந்தப் பெயரோடு வந்தது. எடை ஐந்து கிலோவுக்கும் குறைவு. உயரம் ஓர் அடியைத் தொடும். உச்சந்தலையில் காற்றில் பறக்கும் வெள்ளைக் குடுமி, வால் நுனியில் ஒரு குஞ்சம், நான்கு காலிலும் முழங்காலுக்குக் கீழே சாக்ஸ் மாட்டிய மாதிரி முடி. நடுவே உள்ள பிரதேசம் முழுக்கத் திறந்தவெளி. இளஞ்சிவப்புத் தோலில் அங்கங்கே சிலேட்டு நிறத்தில் திட்டுகள். வெயில் காலத்தில் அந்தத் தோல் கருக்கும், குளிர்காலத்தில் மறுபடி வெளுக்கும். தொட்டால் சுடும். முதல் தடவை தொட்ட என் மனைவி, "என்னங்க, இதுக்குக் காய்ச்சல் அடிக்குது" என்று தெர்மாமீட்டர் தேடினாள். காய்ச்சலெல்லாம் இல்லை. எந்த நாய்க்குமே உடம்புச் சூடு 38 டிகிரிக்கு மேல்தான், நமக்கு 37. மற்ற நாய்களிடம் ரோமம் அதை மறைக்கிறது. இதனிடம் மறைக்க ஒன்றுமில்லை.

எத்தனையோ நாய் இருக்க இதை ஏன் பிடித்தார்கள் என்றால், மாப்பிள்ளைக்குத் தும்மல். நாய் முடி பட்டால் கண் சிவந்து மூக்கு ஒழுகும். மகளுக்கோ நாய் இல்லாமல் இருக்க முடியாது. முடியில்லாத நாய் என்று யாரோ யோசனை சொல்ல, வீட்டில் சமாதானம் ஏற்பட்டது. தும்மலைக் கிளப்பும் சரக்கு முடியில் மட்டும் இல்லை, எச்சிலிலும் உதிரும் தோல் செதிலிலும் இருக்கிறது என்பதும், ஒவ்வாமையே தராத நாய் என்று உலகில் ஒன்று கிடையாது என்பதும் பிறகுதான் அவர்கள் காதுக்கு வந்தன. மாப்பிள்ளை இப்போதும் தும்முகிறார். முன்னைவிடக் குறைச்சல்தான் என்று மகள் சொல்கிறாள். மாப்பிள்ளை ஒன்றும் சொல்வதில்லை, தும்முகிறார்.

இதை வாக்கிங் கூட்டிப்போகும் வேலை எனக்கு. அந்த வட்டாரப் பூங்காவில் சாயங்காலமானால், பிள்ளைகளைப் பார்க்க வந்து ஆறு மாத விசாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பெற்றோர் கூட்டம் ஒன்று உண்டு. நம் ஊரில் முடியில்லாத நாய் என்றால் என்ன நினைப்போமோ அதையே அவர்களும் நினைத்தார்கள். மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர் சேலையை ஒதுக்கிக்கொண்டு, "ஏன் சார், சொறி புடிச்சதையா வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க?" என்றார். வளர்ப்பவர்களிடம் குட்டியாக வாங்கினால் விலை டாலரில் ஆயிரக்கணக்கில் போகும் என்றேன். அவர் ஆஸ்கரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தார். அமெரிக்கர்கள் இன்னும் நாசூக்கு. "பாவம், என்ன வியாதி? சிகிச்சை நடக்கிறதா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். சிலர் என் தலையையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள்.

பெயரில் சைனீஸ் இருக்கிறதே என்று சரித்திரத்தைத் தேடினால் சீனாவில் உருப்படியாக ஒன்றும் கிடைப்பதில்லை. சீன வியாபாரிகளின் கப்பல்களில் எலி பிடிக்க வைத்திருந்தார்கள், துறைமுகம் துறைமுகமாகப் பரவியது என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. நிச்சயமாகத் தெரிகிற சரித்திரம் அமெரிக்காவில் தொடங்குகிறது. 1880களில் நியூயார்க்கைச் சேர்ந்த ஐடா கேரட் என்ற பத்திரிகையாளர் இந்த நாய்கள்மேல் மோகம் கொண்டு வளர்க்கவும் எழுதவும் ஆரம்பித்தார். அவரைத் தொடர்ந்து டெப்ரா வுட்ஸ் என்பவர் பரம்பரைப் பதிவேடு வைத்துக் காப்பாற்றினார். மூன்றாவதாக வந்தவர்தான் எனக்குப் பிடித்தவர், ஜிப்ஸி ரோஸ் லீ. மேடையில் ஆடைகளை ஒவ்வொன்றாகக் களைவதையே ஒரு கலையாக்கி நாடு முழுக்கப் பெயர் வாங்கிய நடனக்காரி. அவருடைய தங்கை ஜூன் ஹேவாக், கனெக்டிகட்டில் ஒரு காப்பகத்திலிருந்து இந்த ஜாதி நாய் ஒன்றைக் கொண்டுவந்து அக்காவுக்குக் கொடுத்தார். லீ அதிலிருந்து ஒரு வம்சத்தையே உருவாக்கினார். ஆடையில்லாத நாய்க்கு விளம்பரம் தேட அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது. இன்றைக்கு இருக்கும் கிரெஸ்டட்களில் பலவற்றின் வம்சாவளி வுட்ஸிடமோ லீயிடமோ போய் நிற்கிறது. அமெரிக்கன் கென்னல் கிளப் 1991-ல் டாய் பிரிவில் இதைச் சேர்த்துக்கொண்டது.

ஊர் எது என்ற வழக்கில் தீர்ப்புக்கு உதவுகிற சாட்சி 2008-ல் வந்தது. இந்த வழுக்கைக்குக் காரணமான மரபணுவை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். ஃபாக்ஸ்ஐ3 என்று பெயர். அதில் ஏழு எழுத்துகள் இரண்டு தடவை விழுந்திருக்கின்றன, அவ்வளவுதான் சங்கதி. பத்திரிகையில் ப்ரூஃப் ரீடர் கண்ணயர்ந்தால் அதிகம் போனால் ஒரு அமைச்சரின் பெயர் மாறும். இங்கே ஒரு ஜாதிக்கே முடி போய்விட்டது. இதே ஏழு எழுத்துப் பிழை மெக்ஸிகோவின் ஷோலோ நாயிடமும் பெரு நாட்டு வழுக்கை நாயிடமும் இருக்கிறது. ஆக, சீனக்காரர் என்று அழைக்கப்படும் இவருக்குச் சொந்தபந்தமெல்லாம் அமெரிக்கக் கண்டத்தில்.

இந்தப் பிழை தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், வழுக்கை. இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் குட்டி பிறப்பதே இல்லை, கருவிலேயே நின்றுவிடும். எனவே உயிரோடு நடமாடும் ஒவ்வொரு வழுக்கை கிரெஸ்டட்டிடமும் முடி முளைக்கிற மரபணு ஒன்றும் பத்திரமாக இருக்கிறது. இரண்டு வழுக்கைகளைச் சேர்த்தால், பிறக்கும் குட்டிகளில் சராசரியாக மூன்றுக்கு ஒன்று உடம்பெல்லாம் பட்டுமுடியோடு பிறக்கும். அந்த வகைக்குப் பவுடர்பஃப் என்று பெயர். தாய் மேல் யாரும் அபாண்டம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாம் அதே தகப்பனுடைய குட்டிகள்தான்.

முடியோடு பல்லும் போனதுதான் சோகம். ரோமத்தையும் பல்லையும் கருவில் உருவாக்குகிற ஏற்பாடு ஒன்றே என்பதால், ஒன்றில் கோளாறு வந்தால் மற்றதிலும் வருகிறது. வழுக்கை நாய்களுக்குப் பல்லும் சரியாக இருக்காது என்பதை சார்லஸ் டார்வின் 1859-லேயே தன் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் குறித்துவிட்டார். ஆஸ்கரின் வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல் வரிசையில் பாதி இடம் காலி. கோரைப்பல் இரண்டும் கீழ்நோக்கி நிற்காமல் முன்னால் துருத்திக்கொண்டு வருகின்றன. வேர் பலமில்லாததால் மிச்சம் இருப்பவையும் எப்போது வேண்டுமானாலும் விழலாம். அதற்காக அதற்கென்று தனி பேஸ்ட், விரலில் மாட்டும் பிரஷ், தினம் பல் விளக்கல். நான் காபிக்கு முன் பல் தேய்த்தேனா என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

இனி தோல். முடி இல்லையென்றால் தோலுக்குக் காவல் இல்லை. இந்த நாய்க்குப் பருவ வயதுப் பையன்களுக்கு வருகிற சங்கடமெல்லாம் வரும். முதுகில் கரும்புள்ளி, முகப்பரு, சில நேரம் சீழ். வாரம் ஒருமுறை மென்மையான ஷாம்பூ போட்டுத் துணியால் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும். குளியல் என்றதும் என் மனைவிக்கு உற்சாகம் வந்துவிட்டது. சனிக்கிழமை நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்து ஊறவைத்தால் தோல் பளபளவென்று ஆகும் என்று கிண்ணத்தோடு கிளம்பினாள். மகள் குறுக்கே விழுந்து தடுத்தாள். எண்ணெய் தோலின் துவாரங்களை அடைக்கும், பரு இன்னும் கிளம்பும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம். காய்ச்சிய எண்ணெய் வீணாகக் கூடாது என்பதால் அன்றைக்கு என் தலையில் வைக்கப்பட்டது.

வெயிலில் போவதென்றால் சன்ஸ்கிரீன். நாம் பூசுவதைப் பூச முடியாது. அதில் துத்தநாக ஆக்ஸைடு இருந்தால், நக்கி விழுங்குகிற நாய்க்கு அது விஷம். நாய்க்கென்றே ஒரு டியூப் விற்கிறது. வாசலில் நிறுத்தி, காது மடலில் தொடங்கி முதுகு, விலா, தொடையின் உள்பக்கம் வரை மகள் அதைத் தடவுவாள். அது கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். ஒருநாள் முடித்துவிட்டு நிமிர்ந்தவள் என் தலையை யோசனையோடு பார்த்தாள். "அப்பா, உங்களுக்கும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள். மாப்பிள்ளை மரியாதை தெரிந்தவர். "மாமாவுக்கு நான் தொப்பி வாங்கித் தர்றேன்" என்று டியூபை உள்ளே எடுத்துப்போய்விட்டார்.

குளிர் வந்தால் ஸ்வெட்டர். இந்த ஜாதியில் பலவற்றுக்குக் கம்பளி ஒத்துக்கொள்ளாது, தோல் தடித்துவிடும். எனவே பருத்தி நூலில் பின்ன வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு மஃப்ளர் பின்னித் தராத என் மனைவி, ஆஸ்கருக்கு அலமாரியில் ஒரு தட்டு நிறைய பின்னி வைத்திருக்கிறாள்.

சுபாவத்தைச் சொல்ல வேண்டும், அதில்தான் விஷயமே இருக்கிறது. இது காவல் காக்காது. பந்து எறிந்தால் ஓடிப்போய் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, இதற்கா கூப்பிட்டாய் என்று திரும்பிவரும். அந்நியர் வந்தால் சோபாவுக்குப் பின்னால் போய்விடும். மழைத் தண்ணீரில் கால் வைக்கவே வைக்காது. கதவைத் திறந்து பிடித்தால் வானத்தைப் பார்க்கும், நம்மைப் பார்க்கும், பிறகு உள்ளே போய் விலை உயர்ந்த கம்பளமாகத் தேடிக் காரியத்தை முடிக்கும். இந்த ஜாதியைப் பழக்குவதில் இதுதான் பெரும்பாடு என்று வளர்க்கிறவர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். இதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று, ஒரு மனிதர். ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அவர் மடியை விட்டு இறங்காது. இவற்றின் பாதம் முயலுடையதைப் போல நீளம். விரல்களும் நீளம் என்பதால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஏறிவந்து இரண்டு முன்னங்காலையும் என் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, தாடையைத் தோளில் வைத்துக்கொள்ளும். செய்தித்தாளின் வலது பக்கத்தை மட்டும்தான் படிக்க முடியும். ராத்திரி என் போர்வைக்குள் நுழைந்து முழங்காலில் முதுகை ஒட்டிக்கொண்டு படுக்கும். மெக்ஸிகோவில் வாத வலிக்காரர்கள் ஷோலோ நாயைப் படுக்கையில் வைத்துக்கொள்வது பழைய வழக்கம். என் மூட்டுவலிக்கு நான் இதுவரை செய்த வைத்தியங்களில் பலன் கொடுத்தது இதுதான்.

சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே பெட்டலூமா என்ற ஊரில் வெகுகாலமாக உலகின் மிக அவலட்சண நாய்க்கான போட்டி நடந்துவந்தது. சாம் என்ற கிழட்டு கிரெஸ்டட், கண் தெரியாத நிலையில், 2003, 2004, 2005 மூன்று வருஷமும் வரிசையாகப் பட்டம் வாங்கியது. 2022-லும் 2023-லும் வென்றவை இதே ஜாதிதான். இதில் எனக்கு ஆட்சேபம் உண்டு. அங்கே ஜெயித்தவற்றில் பல, வயதாகி நோய்ப்பட்டுக் காப்பகங்களிலிருந்து மீட்கப்பட்டவை. பல் இல்லாததால் நாக்கு ஒரு பக்கம் தொங்கும், அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அப்படிப்பட்ட நாய்களுக்கும் வீடு கிடைக்கட்டும் என்பது போட்டி நடத்துகிறவர்களின் நோக்கம் என்பதால் கோபத்தை அடக்கிக்கொள்கிறேன். நன்றாகப் பராமரித்த கிரெஸ்டட் ஒன்று குடுமி பறக்கத் துள்ளி நடந்து வருவதைப் பார்த்தவர்கள் அந்தப் பட்டத்தைக் கொடுக்க மாட்டார்கள்.

சென்னை நண்பர்கள் இரண்டு பேர் போனில் விசாரித்தார்கள். நம் ஊர் வெயிலுக்கு முடியில்லாத நாய்தானே சௌகரியம், வேலையும் மிச்சம் என்கிறார்கள். இரண்டும் தப்பு. ரோமம்தான் நாய்க்குக் குடை. அது இல்லாத தோல் மே மாதத்து மொட்டைமாடியில் வெந்து கொப்பளிக்கும். வேலை மிச்சம் என்பதைப் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. இது பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வருஷம் வரை இருக்கக்கூடிய நாய், அத்தனை வருஷமும் வீட்டில் யாராவது ஒருவர் மடியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி ஒருவர் இருந்து, ஆசையும் அடங்கவில்லை என்றால், வாங்குமுன் பெற்றோர் நாய்களின் கண்ணையும் முழங்கால் சில்லையும் பரிசோதித்த சான்றிதழைக் கேளுங்கள், இந்த ஜாதிக்குக் கோளாறு வருகிற இடங்கள் அவை. இரண்டு பேரும் காலையில் ஆபீசுக்குப் போய் ராத்திரி திரும்புகிற குடும்பம் என்றால் தயவுசெய்து மீன் வளருங்கள்.